நிலத்தடி நீரும் மின்தடைப் பரீட்சையும்

பூமிக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு அங்கே எதிர்ப்படும் தடையை மேலிருந்தே அளந்து, கண்ணுக்குப் புலனாகாத பாறையின் தன்மையையும் நீரின் இருப்பையும் அனுமானிக்கும் முறை, பிரான்ஸ் தேசத்துக் கான்ராட் ஷ்லும்பர்ஜே 1912-இல் தொடங்கிய பரிசோதனைகளாலும், அமெரிக்கரான பிராங்க் வென்னர் 1915-இல் வகுத்த நிலத்தில் நான்கு மின்முனைகளை நடும் ஏற்பாட்டாலும் சாஸ்திர அந்தஸ்தைப் பெற்றது. உலோகத் தாதுக்களைத் தேடிய ஷ்லும்பர்ஜேயின் வித்தை, இன்று கிணற்றுக்கு இடம் கேட்கும் குடியானவனின் கொல்லையில் வந்து நிற்கிறது.

இதன் ஆதாரம் எளியது. பாறையை ஆக்கும் கனிமங்களில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. கடத்துவது இடுக்குகளில் தங்கிய நீரும், அதில் கரைந்த உப்புமே. ஆகவே பிளவற்ற கருங்கல் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் காட்ட, கடல்நீர் 0.2 அளவிலேயே நின்றுவிடுகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதனால்தான், சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியைப் போல உவர்நீர் உட்புகுந்த கரையோரங்களில், நன்னீரின் எல்லையை அறிய இம்முறை சிறந்த துணையாகிறது. உள்நாட்டிலும், நைஸ், சார்னோக்கைட் முதலிய கடும்பாறைகளின்மேல் சிதைந்து கிடக்கும் படலம் எவ்வளவு கனமுடையது என்பதை ஒரு குழிகூடத் தோண்டாமல் உத்தேசமாகச் சொல்லும் திறம் இதற்கு உண்டு.

ஆயினும் கருவி அளப்பது தடையையேயன்றி நீரையன்று. நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கிணற்றுக்கு விடாத களிமண்ணும் குறைந்த தடையையே காட்டும். உவர்நீரும் அவ்வாறே காட்டும். அன்றியும், வறண்ட மேல்மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் நடுவே 20 ஓம்-மீட்டர் தடையுள்ள 10 மீட்டர்ப் படலம் இருந்தாலும், 40 ஓம்-மீட்டர் தடையுள்ள 20 மீட்டர்ப் படலம் இருந்தாலும், அளவீடுகளைக் கொண்டு வரையும் கோடு ஏறக்குறைய ஒன்றாகவே வரும். இவ்விரண்டில் எது உண்மை என்பதை, அருகில் வெட்டிய கிணறு ஒன்று சாட்சி சொன்னாலன்றி, எவ்வளவு தேர்ந்தவராலும் நிர்ணயிக்க இயலாது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஐந்நூறு அடிக்குக் கீழே ஒரு சாண் அகலமும் இல்லாத பிளவு, மேலே நிற்கும் கருவிக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. இக்காலத்து ஆழ்துளைக் கிணறு நம்பியிருப்பதோ அத்தகைய பிளவுகளைத்தான். திறந்த கிணறுகளின் காலத்திற்கு முற்றும் பொருந்திய ஒரு முறையிடம், அதற்கு எட்டாத ஆழத்தின் ரகசியத்தை நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த ஆழத்தை எட்ட, முனைகளை அதைப்போலப் பல மடங்கு தூரம் விலக்க வேண்டும். வீடுகளும் இரும்புக் குழாய்களும் மின்கம்பிகளும் நெருங்கிய ஊர்களில் அதற்கு இடமேது?

குறை கருவியோடு நிற்பதுமில்லை. நிலத்தடி நீரைக் கண்டறிய உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடப்பவர், "இருநூறு அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர்" என்று தயங்காமல் சொல்லுகிறார். அவரோடு போட்டியிட நேர்ந்த கருவிக்காரரும், தம் சாஸ்திரம் இடம் தராத அதே உறுதியோடு ஒற்றை எண்ணைச் சொல்லிவிடுகிறார். (தேங்காய்க்காரர் கூலியாவது குறைவு!) அளவீட்டில் இல்லாத நிச்சயத்தை அறிக்கையில் ஏற்றுவது விஞ்ஞானமாகாது.

ஆதலால், மின்தடைப் பரீட்சைக்குப் பணம் கொடுப்போர், "எத்தனை அடியில் தண்ணீர்?" என்பதோடு நில்லாமல், சிதைந்த படலத்தின் கனம் எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை இருக்கக்கூடும், அந்த முடிவு பக்கத்து எந்தக் கிணற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்னும் இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குவார்களாக.