திரைக்கும் ஓர் ஆய்வுப் பட்டமா?

"கூத்துப் பார்ப்பதற்கும் டாக்டர் பட்டமா?" என்று நகைக்கின்றனர் சிலர். புராணத்துக்கு உரை எழுதினால் புலமை. கல்வெட்டைப் படித்தால் ஆராய்ச்சி. இலட்சோப இலட்சம் மக்கள் கண்டு, கலங்கி, சிரித்து, சிந்தித்த திரைப்படத்தை ஆய்ந்தால் மட்டும் அது வீண் வேலையாம்!

வீண் வேலையா? 1949-இல் 'வேலைக்காரி' வந்தது. 1952-இல் 'பராசக்தி' வந்தது. ஏட்டைத் தொட்டறியாத ஏழையும் கொட்டகையின் தரையிலே அமர்ந்து, சாதிச் செருக்கையும் பக்தி வேடத்தையும் சாடும் சொற்களைச் செவிமடுத்தான். 'பராசக்தி'யைத் தடை செய்க என்று கூக்குரலும் எழுந்தது. ஆற்றலற்ற ஒன்றுக்கா அத்துணை அச்சம்?

எனவே, ஆய்வு வேண்டும். எத்தகைய ஆய்வு என்பதே கேள்வி.

அஞ்சல் துறையில் பணியாற்றிய தியடோர் பாஸ்கரன், விடுதலைப் போர்க்கால நாடகத்தையும் திரையையும் ஆராய்ந்து 1981-இல் நூல் தந்தார். சாரா டிக்கி எனும் அமெரிக்க அம்மையார், மதுரை நகரின் ஏழை மக்களிடமே சென்று அவர்தம் திரைப்பற்றைக் கேட்டறிந்து 1993-இல் நூல் வெளியிட்டார். நல்ல பணிகள். ஆயினும் இரண்டும் ஆங்கிலத்தில்! எவரைப் பற்றிய ஆய்வோ, அவருக்கே எட்டாத மொழியில்!

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எழுதிய நூலும் அவ்வாறே. அது தமிழுக்கு வர இருபதாண்டுகளுக்கு மேலாயின. திரையிலே ஏழையைக் காத்த எம்.ஜி.ஆரின் உருவம், வாழ்விலே ஏழைக்குத் தந்தது என்ன என்று அந்நூல் வினவிற்று. கசப்பான வினா! கழகத் தோழர் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால், ஆண்டவனையே கேள்வி கேட்கக் கற்ற நாம், நடிகரைக் கேட்டால் நடுங்கலாமா? சிலையை அகற்றிய பீடத்திலே சுவரொட்டியை ஏற்றுவதா பகுத்தறிவு?

இன்று கொட்டகை, தொலைக்காட்சியாக வீட்டுக்குள் புகுந்துவிட்டது; கைப்பேசியாகச் சட்டைப்பைக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆய்வின் தேவை வளர்ந்திருக்கிறதேயன்றிக் குறையவில்லை. ஆனால் ஆய்வதற்குரிய பொருளோ அழிகிறது. தமிழகத்தின் முதல் ஊமைப்படமான 'கீசகவதம்' இன்று இல்லை. 1931-இன் 'காளிதாஸ்' படச்சுருளும் இல்லை. எஞ்சியவை பாட்டுப் புத்தகங்களும் விளம்பரத் தாள்களுமே.

பட்டம் பெற விழையும் இளைஞனே, இளநங்கையே! எஞ்சியதைத் தேடிக் காப்பாற்று. தரையில் அமர்ந்து பார்த்தவரிடம் கேள். தமிழில் எழுது. எவரையும் தொழாதே. அப்போதுதான் நீ பெறுவது பட்டம். இல்லையேல், பெயருக்கு முன்னே ஒட்டிய வெறும் சீட்டு!