இழைகளுக்கு நடுவே நிரலேற்றம்: ரூபியின் தேவைநேர ஏற்றுமுறை குறித்த மதிப்பீடு

ஒரு நிரல் எத்தனை கோப்புகளாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தாலும், அது இயங்கும்போது அந்தக் கோப்புகள் நினைவகத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். சி போன்ற மொழிகளில் இவ்வேலையின் பெரும்பகுதியைத் தொகுப்பியும் இணைப்பியும் முன்கூட்டியே முடித்துவிடுகின்றன. ரூபி, பைத்தான் போன்ற மொழிகளிலோ ஒரு கோப்பை ஏற்றுவது என்பதே அதன் வரிகளை மேலிருந்து கீழாக இயக்குவதுதான். ஆகவே ஏற்றம் முடிய நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் வகுப்புகளும் அவற்றின் வழிமுறைகளும் ஒவ்வொன்றாக உருவாகின்றன. நிரலில் ஒரே ஓட்டம் மட்டும் இருக்கும்வரை இந்த இடைவெளியால் தீங்கில்லை. ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியாக ஓடும் இழைகள், அதாவது 'த்ரெட்'கள், பல இருக்கும்போது ஓர் இழை கட்டிக்கொண்டிருக்கும் வகுப்பை இன்னோர் இழை பாதியிலேயே எடுத்துப் பயன்படுத்திவிடக்கூடும். ஒரு பெயர் முதன்முதலில் எங்கே தேவைப்படுகிறதோ அங்கே மட்டும் அதன் கோப்பைக் கொண்டுவரும் தேவைநேர ஏற்றம் இச்சிக்கலை எந்த அளவுக்குத் தீர்த்திருக்கிறது, எதைத் தீர்க்காமல் விட்டிருக்கிறது என்பதை ரூபி மொழியும் அதன்மேல் எழுந்த ரெயில்ஸ் சட்டகமும் கடந்துவந்த பாதை தெளிவாகக் காட்டுகிறது.

ரூபியில் கோப்பை ஏற்றும் அடிப்படைக் கட்டளை 'ரிக்வயர்'. கேட்ட கோப்பு ஏற்கெனவே ஏற்றப்பட்டவற்றின் பட்டியலில் இருந்தால் அது ஒன்றும் செய்யாது. இல்லையென்றால் கோப்பை இயக்கிவிட்டு அதன் பெயரைப் பட்டியலில் சேர்க்கும். அதே கோப்பை வேறோர் இழை அப்போது ஏற்றிக்கொண்டிருந்தால், அந்த ஏற்றம் முடியும்வரை காத்திருக்கும். 'ஆட்டோலோடு' என்பது இதன்மீது கட்டப்பட்ட வசதி: இன்ன பெயர் இன்ன கோப்பில் இருக்கிறது என்று முன்பே பதிந்து வைத்துவிட்டால், அப்பெயரை நிரல் முதலில் தொடும்போது ரூபியே கோப்பை ஏற்றிக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டின் பழைய குறை கோப்பின் முதல் வரியிலேயே ஒளிந்திருந்தது. 'கிளாஸ் ஆர்டர்' என்ற வரி இயங்கிய மறுகணமே 'ஆர்டர்' என்ற மாறிலி பிறந்துவிடுகிறது. ஆனால் இருபது வரி கழித்து வரும் 'டோட்டல்' என்ற வழிமுறை அப்போது இன்னும் உருவாகவில்லை. இந்த இடைவெளியில் இரண்டாம் இழை 'ஆர்டர்' என்று கேட்டால், மாறிலி இருப்பதால் அது காத்திருக்க வேண்டிய அவசியமே எழவில்லை. நேராக 'டோட்டல்' என்று அழைத்து, அப்படியொரு வழிமுறையே இல்லை என்ற பிழையில் போய் விழும். கோப்பைத் திறந்து பார்த்தால் வழிமுறை எழுதப்பட்டிருக்கும். மறுமுறை இயக்கினால் பிழையும் வராது. இத்தகைய பிழையைத் துப்பறிவது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ரூபியின் வழக்கமான இயக்கியில் ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே ரூபி நிரலை இயக்க இடம்தரும் ஒட்டுமொத்தப் பூட்டு இருக்கிறதே, அதுவே காப்பாற்றாதா என்று சிலர் கருதுவதுண்டு. அந்தப் பூட்டு இயக்கியின் உள்கட்டமைப்பைக் காக்கிறதே ஒழிய, நிரலாளர் எழுதிய செயல்களின் முழுமையைக் காப்பதில்லை. வட்டிலிருந்து ஒரு கோப்பைப் படிக்கும்போது இழை அப்பூட்டை விட்டுக்கொடுக்கிறது. ஏற்றப்படும் கோப்பு தன் பங்குக்கு வேறு கோப்புகளை அழைப்பது வழக்கமாதலால், பாதி ஏற்றத்தில் இழை மாறுவது அன்றாட நிகழ்வாகிறது.

2013இல் வெளிவந்த ரூபி 2.0 பதிப்புக்குள் இந்தக் குறை மொழியின் மட்டத்திலேயே திருத்தப்பட்டது. ஆட்டோலோடு வழியாக ஒரு கோப்பு ஏறிக்கொண்டிருக்கையில், புதிதாகப் பிறந்த மாறிலி ஏற்றும் இழைக்கு மட்டுமே தெரியும். பிற இழைகள் அதைத் தொட்டால் ஏற்றம் முடியும்வரை காத்திருக்கும். முடிந்த பின்னரே பெயர் எல்லோருக்கும் வெளியாகும். இத்தீர்வின் சிறப்பு, கோப்பு ஒருமுறைதான் இயங்க வேண்டும், முழுமையாகாத வகுப்பு பிறர் கண்ணில் படக்கூடாது என்ற இரு தேவைகளையும் நிரலாளரின் கவனத்தை நம்பாமல் நிறைவேற்றுவதில் இருக்கிறது. ரூபியை உருவாக்கிய யுகிஹிரோ மட்சுமோட்டோ 2011இல் ஆட்டோலோடைக் கைவிடும் எண்ணத்தை வெளியிட்டிருந்தார் என்பதும், பின்னாளில் அம்முடிவு மாறியது என்பதும் இவ்வசதி எவ்வளவு ஐயத்துக்கு உள்ளாகியிருந்தது என்பதற்குச் சான்று.

ரெயில்ஸ் வேறு வழியில் சென்றது. அதன் பழைய ஏற்றி, பெயர் கிடைக்காதபோது ரூபி கூப்பிடும் 'கான்ஸ்ட் மிஸ்ஸிங்' என்ற கொக்கியைப் பிடித்துக்கொண்டு, பெயரிலிருந்து கோப்பின் பெயரை ஊகித்துத் தேடியது. பெயர் இல்லாதபோது மட்டுமே அந்தக் கொக்கி இயங்கும் என்பதால், பாதி பிறந்த வகுப்பின் சிக்கல் இங்கு முழு வடிவில் நீடித்தது. இதைச் சமாளிக்க ரெயில்ஸ் 5.0 பதிப்பில் ஓர் உள்பூட்டு சேர்க்கப்பட்டது: கோரிக்கைகளைக் கவனிக்கும் இழைகள் அப்பூட்டைப் பகிர்ந்து வைத்திருக்கும், ஏற்ற வேண்டிய இழை பிறரெல்லாம் ஒதுங்கிய பிறகு தனியுரிமையோடு ஏற்றும். ஆனால் ஒரு கோரிக்கையின் இழை துணை இழையொன்றைத் தொடங்கி அது முடியட்டும் என்று காத்திருக்க, அத்துணை இழை ஒரு வகுப்பை ஏற்ற வேண்டி முதல் இழை பூட்டை விடட்டும் என்று காத்திருந்தால், இரண்டும் என்றென்றும் நிற்கும். ஒன்றுக்காக மற்றொன்று காத்து எதுவும் நகராத இந்நிலையே முட்டுக்கட்டை. அதைத் தவிர்க்க, காத்திருக்கும்போது பிறர் ஏற்றலாம் என்று நிரலாளரே வெளிப்படையாக இசைவு தர வேண்டியிருந்தது. பாதுகாப்பின் பொறுப்பு மீண்டும் மனித நினைவுக்கே திரும்பியது என்பதுதான் இம்முறையின் பெருங்குறை.

2019இல் ரெயில்ஸ் 6.0 பதிப்போடு வந்த சைட்வெர்க், சேவியர் நோரியா எழுதிய ஏற்றி, ஊகத்தைக் கைவிட்டது. கோப்புறைகளை முன்கூட்டியே பார்வையிட்டு, பெயரிடும் மரபின்படி ஒவ்வொரு கோப்புக்கும் ரூபியின் சொந்த ஆட்டோலோடைப் பதிந்து வைக்கிறது. அதனால் மொழி ஏற்கெனவே தந்த பாதுகாப்பு தானாக வந்து சேர்கிறது. கோப்பு எதிர்பார்த்த பெயரை உருவாக்கவில்லை என்றால் உடனே பிழை காட்டுகிறது. எனினும் மாறிய கோப்புகளை இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றும் மறுஏற்றம் இழைப் பாதுகாப்பு உடையதன்று. மற்ற இழைகளை ஒதுக்கி வைக்கும் பொறுப்பு அதை அழைப்பவருடையது. இவ்வரம்பை அந்நூலகமே வெளிப்படையாகச் சொல்வது பாராட்டத்தக்கது.

பூட்டுகள் எவ்வளவு நேர்த்தியானாலும் தேவைநேர ஏற்றத்தில் தீராத எச்சங்கள் உண்டு. ஒன்றையொன்று அழைக்கும் இரு கோப்புகளை இரு இழைகள் எதிரெதிர் வரிசையில் ஏற்றத் தொடங்கினால், ஒவ்வொரு கோப்புக்கும் தனிப் பூட்டு வைப்பதே முட்டுக்கட்டைக்கு வழியாகிறது. 2012இல் வந்த பைத்தான் 3.3, அதுவரை இருந்த ஒரே பொதுப் பூட்டை நீக்கிக் கூறு ('மாட்யூல்') வாரியாகப் பூட்டு வைத்தபோது இச்சிக்கலை எதிர்கொண்டது. முட்டுக்கட்டை உருவாவதைக் கண்டறிந்தால், முழுமையாகாத கூறையே ஓர் இழையிடம் கொடுத்துவிடுவது என்று அது முடிவெடுத்தது. நிரல் நின்றுபோவதைவிட அரைகுறைக் கூறு மேல் என்ற தேர்வு அது. எந்தப் பாதுகாப்பு வாக்குறுதியைக் காக்க முயன்றார்களோ அதையே விலையாகக் கொடுத்த தேர்வும் அதுவே. இதைத் தவிர, ஏற்றத்தின் செலவு முதல் பயனரின் கோரிக்கையில் விழுவதும், கோப்பிலுள்ள எழுத்துப்பிழைகூட யாரோ அதைத் தொடும் நள்ளிரவுவரை வெளிப்படாமல் இருப்பதும் பூட்டுகளால் தீர்பவை அல்ல.

மாற்றாக உள்ளது முன்கூட்டிய ஏற்றம்: இழைகள் தொடங்குமுன் எல்லாக் கோப்புகளையும் ஏற்றிவிடுவது. அப்போது போட்டியிட இரண்டாம் இழையே இருப்பதில்லை. பெயர்ப் பிழைகள் சர்வர் எழும்போதே வெளிப்படுகின்றன. பூமா போன்ற சர்வர்கள் நிரலை ஏற்றியபின் கிளைச் செயல்முறைகளைப் பிரித்தால் ஏற்றிய நினைவகத்தைக் கிளைகள் பகிர்ந்துகொள்கின்றன. தொடக்கம் தாமதமாவதும், ஒரே வகுப்பைத் தொடும் சிறு பணிக்காக முழு நிரலையும் ஏற்ற வேண்டியிருப்பதும் இதன் குறைகள். ரெயில்ஸ் பயன்பாட்டுச் சூழலில் முன்கூட்டிய ஏற்றத்தையும், உருவாக்கச் சூழலில் தேவைநேர ஏற்றத்தையும் இயல்பாக வைத்திருப்பது இந்நிறை குறைகளை அறிந்த ஏற்பாடு. ஆயினும் அதில் ஒரு சந்து உண்டு. கட்டளை வரியிலிருந்து இயக்கப்படும் 'ரேக்' பணிகள் பயன்பாட்டுச் சூழலிலும் இயல்பாக முன்கூட்டியே ஏற்றுவதில்லை. எனவே இழைகளைத் தொடங்கும் ஒரு ரேக் பணி, சர்வர் பெறும் பாதுகாப்பைப் பெறாமலே ஓடுகிறது. வழிமுறைகளுக்கு உள்ளே ரிக்வயர் எழுதியிருக்கும் வெளி நூலகங்களும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கின்றன.

ஆகவே, தேவைநேர ஏற்றம் உருவாக்க வேலையில் நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல வசதி. அதன் பூட்டுகள் இன்று நம்பத்தக்கவை. ஆனால் பல இழைகள் ஓடும் பயன்பாட்டுச் சூழலில் அவற்றை முதல் அரணாகக் கொள்வது பிழையான கணக்கு. எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகே இழைகளைத் தொடங்குவதை விதியாகவும், பூட்டுகளை அவ்விதி தவறும் இடங்களுக்கான காப்பாகவும் வைத்துக்கொள்வதே சரியான வரிசை. ரேக் பணிகளும் பின்னணிப் பணிகளும் இவ்விதிக்கு விலக்கல்ல.