‘ஒப்புக்கொள்கிறேன்’: படிக்காத சம்மதத்தின் பலமும் பலவீனமும்

நார்வே நாட்டின் நுகர்வோர் மன்றம் 2016-இல் ஒரு சோதனை நடத்தியது. அந்நாட்டவர் ஒருவரின் கைப்பேசியில் சராசரியாக இருக்கும் 33 செயலிகளின் விதிமுறைகளையும் தனியுரிமைக் கொள்கைகளையும் எடுத்து, ஆட்கள் மாறி மாறி உரக்கப் படித்தார்கள். முடிக்க ஏறத்தாழ 32 மணி நேரம் பிடித்தது. அதாவது நான்கு வேலை நாள். நிறுவனங்கள் அந்த விதிமுறைகளை மாற்றும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

‘படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே’ என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் காலம்காலமாகச் சொல்லிவரும் புத்திமதி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் அது செல்லும். கைப்பேசித் திரையில் அதைக் கடைப்பிடிக்க மனித ஆயுள் போதாது. ஆகவே படிக்காத மக்களைக் குறைசொல்லிப் பயனில்லை. யாராலும் படிக்க முடியாத ஆவணத்துக்குத் தரப்படும் சம்மதத்தைச் சட்டமும் சமூகமும் எவ்வளவு தூரம் சம்மதமாக ஏற்கலாம் என்பதே நாம் எடைபோட வேண்டிய விஷயம்.

முதலில் இந்த ‘ஒப்புக்கொள்கிறேன்’ முறையின் நன்மைகளைப் பார்த்துவிடலாம்.

ஒருவரின் தகவல் அவருக்கு உரியது, அதைத் தொடும் முன் அவரைக் கேட்க வேண்டும் என்ற கொள்கையின் மேல்தான் இந்த முறை நிற்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கேட்டுவிட்டு எடுப்பது, கேட்காமலே எடுப்பதைவிட மேல். அதில் சந்தேகமில்லை.

அடுத்த நன்மை, எழுத்தில் இருப்பதைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். வாட்ஸ்அப் 2016-இல் கொள்கையை மாற்றியபோது, ‘என் தகவலை ஃபேஸ்புக்குடன் விளம்பரத்துக்காகப் பகிர வேண்டாம்’ என்று சொல்ல அன்றைய பயனர்களுக்கு வாய்ப்பு இருந்தது. 2021-இல் வந்த புதிய கொள்கையில் அந்த வாய்ப்பு இல்லை. ஏற்றுக்கொள், இல்லையென்றால் விலகு என்ற இந்த நிபந்தனையை இந்தியப் போட்டி ஆணையம் ஆராய்ந்து, 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது. சாதாரணப் பயனர் படிக்காத ஆவணத்தை ஆணையமும் வழக்கறிஞர்களும் படித்தார்கள். அதை வைத்தே வழக்காடினார்கள்.

நடைமுறை வசதியையும் மறுக்க முடியாது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களோடு தனித்தனியே பேரம் பேசி ஒப்பந்தம் போட எந்த நிறுவனத்தாலும் முடியாது. காப்பீட்டுப் பத்திரமும் வங்கிக் கணக்குப் படிவமும் இணையத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான் அச்சாகி வந்தன.

இனி குறைகள். இவை நன்மைகளைவிடக் கனமானவை.

முதல் குறை, சம்மதிப்பவருக்கு எதற்குச் சம்மதிக்கிறோம் என்றே தெரிவதில்லை. ஆய்வாளர்கள் இருவர் ‘நேம்டிராப்’ என்ற பெயரில் இல்லாத ஒரு சமூக வலைத்தளத்தை உருவாக்கி, 543 பல்கலைக்கழக மாணவர்களை அதில் சேரச் சொன்னார்கள். கட்டணமாக முதல் குழந்தையைத் தந்துவிட வேண்டும் என்று விதிமுறைகளுக்குள் எழுதி வைத்திருந்தார்கள். நூற்றுக்கு 98 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள், தங்களுக்குத் தெரிந்த மொழியில் இருந்த ஆவணத்தையே அப்படிக் கடந்துபோனார்கள் என்றால், தமிழில் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் ஆங்கிலச் சட்ட வாசகத்துக்கு முன்னால் என்ன செய்வார்?

இரண்டாவது குறை, ஒப்புக்கொள்வதன் எல்லை எங்கே முடிகிறது என்பது யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டிஸ்னி வளாகத்திலுள்ள ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பெண் மருத்துவர் 2023-இல் ஒவ்வாமையால் இறந்துபோனார். கணவர் வழக்குத் தொடுத்தார். அவர் 2019-இல் டிஸ்னி பிளஸ் சேவையைச் சோதனைக்காகப் பெற்றபோது ஏற்ற விதிமுறைகளைக் காட்டி, இதை நீதிமன்றத்தில் விசாரிக்கக் கூடாது, நடுவரிடம்தான் போக வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டது. எதிர்ப்பு வலுத்ததால் 2024 ஆகஸ்டில் அந்த வாதத்தைக் கைவிட்டது. படம் பார்க்கத் தொட்ட பொத்தானை மரண வழக்கில் ஆயுதமாக்கலாம் என்று ஒரு நிறுவனத்துக்குத் தோன்றியதே இந்த முறையின் ஆபத்தைச் சொல்லும்.

மூன்றாவது குறைதான் மிகக் கொடியது. ஒருவர் தரும் சம்மதம் மற்றவர்களையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கிறது.

அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் தேவைப்படும் ஒருவர் கடன் செயலியை இறக்குகிறார். ஆதார், பான், ஒரு செல்ஃபி. அடுத்து ஒரு சின்னக் கட்டம்: உங்கள் தொடர்புகளைப் பார்க்க இந்தச் செயலியை அனுமதிக்கவா? ‘அனுமதி’யைத் தொடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. தொடுகிறார். ‘அம்மா’, ‘திருச்சி மாமா’, ‘ஹவுஸ் ஓனர்’, ‘மேனேஜர் சார்’, ‘பாப்பா ஸ்கூல் மிஸ்’ என்று சேமித்து வைத்த எண்கள் அத்தனையும் கடன் கொடுத்தவன் கைக்குப் போய்விடுகின்றன. தவணை தள்ளிப்போனால் அந்த எண்களுக்கெல்லாம் வசவு போகிறது, மார்ஃபிங் செய்த ஆபாசப் படங்கள் போகின்றன. அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றித் தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் செய்திகள் வந்தன. அந்தப் பட்டியலில் இருந்த டீச்சரிடமும் ஹவுஸ் ஓனரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

உலக அளவில் இதையே கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018-இல் காட்டியது. ஃபேஸ்புக்கில் ஒரு ஆளுமைச் சோதனைச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். நண்பர்கள் வட்டம் வழியாகத் தகவல் பறிபோனவர்கள் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இந்தக் குறைகளில் சிலவற்றைத் தொடுகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும். தமிழும் அதில் அடக்கம். கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெற முடிய வேண்டும். சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது: தொலைமருத்துவச் செயலி சேவைக்கான தகவலோடு தொடர்புப் பட்டியலையும் கேட்டு, பயனர் இரண்டுக்கும் சரி என்றாலும், மருத்துவ சேவைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் பட்டியலுக்குச் செல்லாது. இந்த ஓர் உதாரணம் ஆயிரம் பக்க விதிமுறைகளைவிடப் பெறுமானமுள்ளது.

ஆனால் ஓட்டைகளும் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தப் பணம் அரசின் கருவூலத்துக்குப் போகுமே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாக வராது. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் சட்டம் தாராளமாக இடம் வைத்திருக்கிறது.

சம்மதத்தையே நம்பியிருப்பதற்கு மாறான வழியை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் காட்டியது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், கோப்புகள், அழைப்பு விவரம் எதையும் தொடக் கூடாது என்றது. வாடிக்கையாளர் சரி என்றாலும் கூடாது. கூகுள் தன் பிளே ஸ்டோரில் அதே தடையை 2023 மே 31 முதல் கொண்டுவந்தது. வரம்புக்கு வெளியே திரியும் கள்ளச் செயலிகளை இது முழுதாக ஒழிக்கவில்லை. இருந்தாலும் காவல் பொறுப்பைக் கடனாளியின் விரலிலிருந்து எடுத்து நிறுவனத்தின் தலையில் வைத்தது.

பெரியவர்கள் தங்கள் தகவலை என்ன செய்வது என்று தாங்களே முடிவு செய்யட்டும், அரசு ஏன் தலையிட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டலில் சாப்பிட வருபவர் சமையலறையைச் சோதித்துவிட்டுத்தான் இலை போட வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. அதற்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சுதந்திரத் தேர்வு என்பது அந்தக் குறைந்தபட்சப் பாதுகாப்புக்கு மேலே தொடங்குவது.

விதிமுறைகள் எழுத்தில் இருக்கட்டும். நிறுவனங்களைக் கணக்குக் கேட்க அவை வேண்டும். ஆனால் சேவைக்குத் தேவையில்லாத தகவலை, யார் சம்மதித்தாலும் எடுக்கக் கூடாது என்பது எல்லாத் துறைக்கும் விதியாக வேண்டும். அதுவரை வாசகர்கள் இரண்டு காரியம் செய்யலாம். கைப்பேசி அமைப்புகளில் அனுமதிகள் பகுதியைத் திறந்து, தொடர்புகளைப் பார்க்கும் செயலிகளில் தேவையற்றவற்றுக்கு அனுமதியை இன்றே நிறுத்துங்கள். கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டால் மறுத்துவிடுங்கள். எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என ஒன்றிய நுகர்வோர் துறை 2023-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. மறுப்பதற்கு உரிமை இருக்கும் இடத்தில் மட்டுமே சம்மதம் என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு.