வேட்டையாடாத வேட்டைக்காரன்

இரசிய இயக்குநர் ஆந்திரேய் தார்கோவ்ஸ்கி 1979-இல் அளித்த 'ஸ்டால்கர்' திரைப்படத்தின் நாயகனுக்குப் பெயரில்லை. பட்டம் மட்டுமே உண்டு. அப்பட்டம் இரசியச் சொல்லுமன்று. இரையறியாது பதுங்கித் தொடரும் வேட்டைக்காரனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. கிப்ளிங்கின் பள்ளிக்கதை நாயகன் 'ஸ்டாக்கி'யின் நினைவால் தாங்கள் அதனைத் தேர்ந்ததாக, மூலநாவலாசிரியர் இருவருள் ஒருவரான போரிஸ் ஸ்த்ருகாத்ஸ்கி கூறியுள்ளார். 1972-இல் வெளியான அந்நாவலில், தடைசெய்யப்பட்ட நிலப்பகுதிக்குள் நுழைந்து அரும்பொருள்களைக் கடத்தி விற்பவனே ஸ்டால்கர். அங்கே பட்டம் பொருந்துகிறது.

திரைப்படத்திலோ அவன் எதையும் கவர்வதில்லை. உள்ளத்தின் ஆழ்ந்த விருப்பத்தை நிறைவேற்றும் அறை ஒன்றுக்கு எழுத்தாளர் ஒருவரையும் பேராசிரியர் ஒருவரையும் அழைத்துச் செல்கிறான். கைத்துப்பாக்கியை எறிந்துவிடுமாறு மன்றாடுகிறான். தான் மட்டும் அவ்வறையில் நுழையலாகாது என்கிறான். வழியில், எம்மாவு சென்ற இரு சீடரைப் பற்றிய லூக்கா நற்செய்திப் பகுதியை, பெயர்களை விடுத்து முணுமுணுக்கிறான். இருவரோடு மூன்றாமவராய் நடந்தவரின் கதையன்றோ அது! வேட்டைக்காரனின் பெயர் இங்கே வழித்துணைவனின் பெயராகிவிடுகிறது.

வாசல்வரை வந்த இருவரும் உள்ளே நுழையாமலே திரும்புகின்றனர். நம்புவார் எவருமிலர் என்று அவன் உடைந்து அழுகிறான். அப்போது அவன் மனைவி, நம்மை நேர்நோக்கி, அவனுக்கு மற்றொரு பட்டம் தருகிறாள்: 'பிளழேன்னி'. இரசிய மொழியில் இது பித்தனையும் குறிக்கும். மலைப்பொழிவின் 'பேறுபெற்றோ'ரையும் குறிக்கும். ஏளனமும் வாழ்த்தும் ஒரே சொல்லில் உறைகின்றன.

ஆயினும் ஒன்றை நாம் மறைத்தலாகாது. பிறர்க்கு நம்பிக்கையைத் தேடிப் புறப்படும் அவன், நடக்கவியலாத மகளையும் தடுத்துக் கதறும் மனைவியையும் விட்டுத்தான் செல்கிறான். அவனை அறிந்தே ஏற்றேன், வருந்தியதில்லை என்கிறாள் அவள். அறையின் வாசலில் மூவரும் இழந்த நம்பிக்கை அவ்வெளிய இல்லத்தில் அணையாது இருந்திருக்கிறது. இரண்டாம் பட்டம் அவனைவிட அவளுக்கே உரியதென நமக்குத் தோன்றுகிறது.

1986-இல் செர்னோபில் அணுவுலை வெடித்தபின், அதன் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைவோரையும் மக்கள் இப்பெயராலேயே அழைக்கலாயினர். பெயர் ஊரெங்கும் பரவிவிட்டது. ஆனால் பிறரை வாசல்வரை நடத்துவோர், தம் வீட்டு வாசலில் காத்திருப்போரை மறந்துவிடலாகாது என்னும் அதன் உட்பொருளை நாம் இன்னும் கற்க வேண்டியுள்ளது.