'ஆமாம்' விளையாட்டு

டாக்டர்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தால் நோயாளி பிழைப்பானா? சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இதை ஒரு பாடமாகவே நடத்துகிறார்கள். சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கேட்டி வாட்சன் 2002-ல் மருத்துவ மாணவர்களுக்காக ஆரம்பித்தார். 'மெடிக்கல் இம்ப்ராவ்' என்று பெயர். இப்போது ராத்திரி பகலாக வார்டில் கிடக்கும் ரெசிடெண்ட் டாக்டர்களுக்கும் இதைச் சிபாரிசு செய்கிறார்கள். மனசு லேசாகுமாம், கூட்டாக வேலை பார்க்கப் பழகுமாம்.

இம்ப்ராவ் என்றால் வசனம், ஒத்திகை, டைரக்டர் எதுவும் இல்லாத நாடகம். முக்கியமான விதி, எதிராளி எதைச் சொன்னாலும் 'ஆமாம்' என்று ஏற்றுக்கொண்டு அதன்மேல் நீங்கள் ஒன்றைச் சேர்க்க வேண்டும். "டாக்டர், என் முதுகுல மீன் முளைச்சிருக்கு" என்கிறார் ஒருவர். "அதெல்லாம் முளைக்காது" என்றால் ஆட்டம் குளோஸ். "ஆமா, வால் மட்டும்தான் தெரியுது. எத்தனை நாளா?" என்றால் ஆட்டம் சூடுபிடிக்கும். இதற்கான விளையாட்டுகளைத் தொகுத்து வயோலா ஸ்போலின் 1963-ல் எழுதிய புத்தகம்தான் இன்றுவரை பாலபாடம்.

நமக்கு இது புதுசா என்ன? கர்நாடக சங்கீதத்தில் நிரவல் இதுதான். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதுதான். ராயபுரம், காசிமேடு பக்கம் சாவு வீட்டில் கானா பாடுகிறவரைக் கேட்டிருக்கிறீர்களா? செத்தவர் பேர், தொழில், பெண்டாட்டி பிள்ளை எல்லாவற்றையும் அந்த நிமிஷத்தில் பாட்டுக்குள் இழுத்துவிடுவார். டோலக்காரர் கண்ணைப் பார்த்தே தாளத்தை மாற்றுவார்.

கூப்பிடு தூரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய ஆட்களுக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை யாருக்கு எது நடந்தாலும் வந்து விழும் இடம். அங்கே நோயாளி பாடப்புத்தக பாஷையில் பேசுவதில்லை. "ரெண்டு நாளா ஒரு மாதிரியா கீறான் சார்" என்பாள் திருவொற்றியூர்க்காரத் தாய். அந்த 'ஒரு மாதிரி'க்குள் ஜுரம் இருக்கலாம், வலிப்பு இருக்கலாம், அடுப்படியில் குடித்த மண்ணெண்ணெய் இருக்கலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நாற்பது பேருக்கு மேல் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்களே, அந்த மாதிரி ராத்திரிக்கு யார் வசனம் எழுதிக் கொடுக்க முடியும்? காது கொடுத்துக் கேட்கவும், பக்கத்தில் நிற்கிறவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று பிடித்துக்கொள்ளவும் பயிற்சி அவசியம்தான்.

அதனால் இம்ப்ராவ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் சண்டை வேறு. மேடையில் எல்லோரும் சமம். வார்டில் சீஃப் இருக்கிறார், அவருக்குக் கீழே அசிஸ்டென்ட், அப்புறம் பி.ஜி., ஹவுஸ் சர்ஜன், சிஸ்டர், கடைசியில் ஆயா. மருந்தின் அளவு தப்பு என்று சிஸ்டருக்குத் தெரிந்தாலும் ரவுண்ட்ஸ் நடுவே வாய் திறக்க யோசிப்பார். பி.ஜி.க்களை மட்டும் ஒரு ஹாலில் கூட்டி விளையாட விட்டால் இந்த ஏணி அசையாது.

இந்த விஷயத்தில் டெல்லிக்காரர்கள் பரவாயில்லை. அங்குள்ள யுனிவர்சிட்டி காலேஜ் ஆஃப் மெடிக்கல் சயின்சஸில் 2011-லேயே 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' பட்டறை நடத்தினார்கள். பிரேசில்காரர் அகஸ்டோ போவாலின் முறை. அதில் பார்வையாளர் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறிக் கதையை மாற்றலாம். யாருக்கு அதிகாரம், யார் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதே அங்கே பாடம். சிகாகோ விளையாட்டைவிட நம் வார்டுகளுக்கு இதுதான் லாயக்கு.

அடுத்தது மன ஆரோக்கியம். ரெசிடெண்டுகளுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் டூட்டி கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே சொல்லிவிட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு அறிக்கை வந்தது. கேட்கப்பட்ட பி.ஜி. மாணவர்களில் நூற்றுக்கு 31 பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்பது அந்தக் குழுவின் பரிந்துரை. கவனித்தீர்களா? 32 வருஷத்தில் கருணையே 48-லிருந்து 74-க்கு ஏறிவிட்டது.

முப்பது மணி நேரம் தூங்காதவனைக் கூப்பிட்டு "வாங்க, ஜாலியா ஒரு கேம்" என்றால் அவன் அதையும் ஒரு டூட்டியாகத்தான் குறித்துக்கொள்வான். 'ஆமாம்' சொல்ல அவனுக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டியதே இல்லை. "இன்னிக்கு நைட்டும் நீ பாத்துக்கோ." "ஆமாம் சார்." "தீசிஸ் நாளைக்கு வேணும்." "ஆமாம் சார்." மேடையில் சொல்லும் 'ஆமாம்' சந்தோஷம். சொதப்பினால் சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம். வார்டில் சொல்லும் 'ஆமாம்' பயம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு ஆரோக்கியம் என்று பெயர் வைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவனுக்குக் கற்றுத்தர வேண்டிய வார்த்தை 'முடியாது'. அதைக் கேட்டுக் கோபப்படாமல் இருக்க சீஃபுக்கும் ஒரு வகுப்பு வேண்டும்.

நடத்துங்கள். டூட்டி நேரத்துக்குள்ளேயே நடத்துங்கள். ஆயாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீஃப் முதலில் மேடையேறி அசடு வழியட்டும். அதற்கு முன்னால் எல்லோரையும் எட்டு மணி நேரம் தூங்க விடுங்கள்.

நீங்களும் உதவலாம். அடுத்த முறை கேஷுவல்டியில் ஒரு சின்ன வயசு டாக்டர் உங்கள்மேல் எரிந்து விழுந்தால், பதிலுக்குக் கத்தாமல், "சாப்டீங்களா டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். அவரிடம் அதற்கு ரெடிமேடாகப் பதில் இருக்காது.