மதியம் மூன்று மணிக் கன்னம்

நாளைக் காலை ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். வழக்கம்போல முகம் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்துவிட்டு, எதுவும் பூசாமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். காபி குடியுங்கள், பேப்பர் படியுங்கள். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். கன்னம் இழுக்கிறதா? சிரித்தால் வாயோரம் விறைக்கிறதா? மூக்கின் இரு பக்கமும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? நெற்றி மட்டும் மினுங்குகிறதா? இந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்காமல் கடைக்குப் போகிறவர்களின் அலமாரியில்தான் பாதி தீர்ந்த க்ரீம் டப்பாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

பலருக்கு இதில் முதல் ஆச்சரியம் காத்திருக்கும். நெற்றியில் எண்ணெய் வழியும், அதே முகத்தில் கன்னம் இழுக்கும். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய், தோலுக்குள் இருக்கும் சுரப்பிகள் தருவது. ஈரம், உடம்பின் உள்ளிருந்து மேலே வந்து காற்றில் போய்க்கொண்டே இருக்கும் தண்ணீர். "எனக்கு எண்ணெய் முகம், மாய்ஸ்சரைசர் எதுக்கு" என்று கேட்கிறவர்கள் சோப்பை மாற்றி மாற்றித் தேய்த்து, இருக்கிற ஈரத்தையும் கழுவிவிடுகிறார்கள்.

அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் சுவர் மிக மெல்லியது. மேல்தோலின் கடைசி அடுக்கு ஒரு வெள்ளைத்தாளின் கனத்தைவிடப் பல மடங்கு குறைவு. செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்து அவற்றின் நடுவே சாந்தாக நிற்கும். அடுக்கில் ஈரம் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் செங்கல் விறைத்து, விளிம்பு தூக்கி, செதில் செதிலாக உரியும். பகலில் நாம் பூசும் எதுவாக இருந்தாலும் அதன் வேலை இந்தச் சுவரைப் பார்த்துக்கொள்வதுதான்.

வேலை மூன்று வகை. முதலாவது, ஈரத்தை இழுப்பது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்தால் வெல்லம் கசிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. கிளிசரின், தேன், ஹயலுரானிக் அமிலம், கற்றாழைச் சாற்றின் சர்க்கரைகள் எல்லாம் தோலில் அதையே செய்கின்றன. இரண்டாவது, செங்கல்லுக்கு இடையே விட்ட விரிசலை நிரப்பி வழவழப்பாக்கும் மெல்லிய எண்ணெய்கள். மூன்றாவது மூடி. ஊறுகாய் ஜாடியில் மேலே நிற்கும் எண்ணெய் மாதிரி, உள்ளிருப்பது வெளியே போகாமல் தேன்மெழுகும் வாஸ்லினும் மூடி நிற்கும். நல்ல பகல் க்ரீம் இந்த மூன்றையும் உங்கள் முகத்துக்கும் உங்கள் ஊர்க் காற்றுக்கும் ஏற்ற அளவில் கலந்தது. கலவையின் அளவு தெரிந்துவிட்டால் விலைச்சீட்டு மிரட்டாது.

க்ரீம் என்றால் என்ன என்று எனக்கு உண்மையாகப் புரிந்தது ஒரு செப்புத் தட்டின் முன்னால். ஆயுர்வேதத்தில் நூறு முறை கழுவிய நெய் என்று ஒன்று உண்டு, சததௌத கிருதம் என்பார்கள். ஒருமுறை வீட்டில் செய்து பார்த்தேன். தட்டில் நாலு ஸ்பூன் பசுநெய், அதன்மேல் ஒரு கை குளிர்ந்த தண்ணீர், உள்ளங்கையால் வட்டமாகத் தேய்ப்பது, தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது. முதல் பத்து தடவை ஒன்றும் நடக்காது. நெய் கையில் வழுக்கும், தண்ணீர் தனியே ஓடும், எரிச்சலாக இருக்கும். முப்பதைத் தாண்டும்போது மஞ்சள் வெளுக்கத் தொடங்குகிறது. மணல் மணலாக இருந்த நெய் வெண்ணெய் மாதிரி குழைகிறது. அறுபதில் நெய் வாசனை பாதி போய்விட்டது. நூறை நெருங்கும்போது தட்டில் இருந்தது நெய்யே இல்லை. வெள்ளை வெளேரென்று, உப்பலாக, தொட்டால் ஜில்லென்று ஒரு பூச்சு. வடித்த தண்ணீர் போக மிச்சத்தை நெய் தனக்குள் நுண்துளிகளாகப் பூட்டி வைத்துக்கொண்டிருந்தது. ரோமப் பேரரசின் மருத்துவர் காலென் 2-ஆம் நூற்றாண்டில் தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் ரோஜாப் பன்னீரோடு அடித்துச் செய்ததாகச் சொல்லப்படும் குளிர்களிம்பும் இதே சூத்திரம்தான். தோலில் பட்டதும் துளித் தண்ணீர் ஆவியாவதால் அந்தக் குளிர்ச்சி.

இப்போது கடையில் எந்த டப்பாவைத் திறந்தாலும் அந்தத் தட்டு ஞாபகம் வருகிறது. அந்த நெய்யை தினமும் முகத்தில் பூசிக்கொண்டு ஆபீஸ் போகச் சொல்ல மாட்டேன். நம் வெயிலுக்கு அது கனம். தண்ணீர் கலந்ததால் சீக்கிரம் கெடும். ஆனால் ஒரு தடவையாவது செய்து பாருங்கள். விரல் நுனிக்கு அது ஒரு பாடம்.

அடுத்தது "இயற்கை" என்ற சொல். டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இலையும் பூவும் போட்டு அச்சடித்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்தச் சொல்லுக்கு அழகுப் பொருட்களில் இன்னும் வரையறையே கொடுக்கவில்லை. ஐ.எஸ்.ஓ. 16128 என்ற சர்வதேசக் கணக்குமுறையில் தண்ணீரையும் இயற்கைப் பொருளாக எண்ணிக்கொள்ள வழி உண்டு. ஜெல்லில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான் என்னும்போது "98 சதவீதம் இயற்கை" என்ற வரி எவ்வளவு சொல்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இயற்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கே செடியிலிருந்து வந்த பொருள்மேல்தான் ஆசை. ஆனால் பொருளின் பிறப்பைவிட அது தோலில் நடந்துகொள்ளும் விதம் முக்கியம். கிளிசரினை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ரசாயனக் கடை மாதிரி இருக்கிறது. 1779-இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே ஆலிவ் எண்ணெயைக் காய்ச்சும்போது கண்டெடுத்தது அது. இன்றும் தேங்காய், பனை எண்ணெய்களிலிருந்து பெருமளவு எடுக்கிறார்கள். விலை குறைவு, வேலை சுத்தம், எந்த விலையுயர்ந்த க்ரீமைப் புரட்டினாலும் முதல் சில பெயர்களுக்குள் இருக்கும். சுத்தக் கிளிசரினை மட்டும் அப்படியே முகத்தில் தடவாதீர்கள், தண்ணீரில் கலந்து மெல்லியதாக இருந்தால்தான் அது நல்லது. ஸ்குவாலேன் என்று ஒன்று வரும். ஒரு காலத்தில் பெரும்பாலும் சுறாவின் ஈரலிலிருந்து எடுத்தார்கள், இப்போது ஆலிவிலிருந்தும் கரும்பிலிருந்தும் கிடைக்கிறது. நம் முகத்து எண்ணெயிலேயே அதன் உடன்பிறப்பு இருப்பதால் பிசுபிசுக்காமல் உட்காரும். வாங்கும்போது எதிலிருந்து எடுத்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணெய்களில் நம் வீட்டு நம்பிக்கைகள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் கைக்கும் காலுக்கும் அருமை, வறண்ட முகத்துக்கு இரவில் சிலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் பரு வருகிற முகத்தில் பகலில் பூசி வெயிலில் போனால் துவாரங்கள் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆலிவ் எண்ணெய்க்கு நம்மிடம் பெரிய மரியாதை. ஆனால் பெரியவர்களின் முன்கையில் சில வாரங்கள் தடவிப் பார்த்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அது தோலின் சுவரைப் பலவீனப்படுத்தியது. நாம் வடை சுடும் சூரியகாந்தி எண்ணெயோ சுவரைக் குலைக்காமல் ஈரத்தையும் கூட்டியது. லினோலெயிக் அமிலம் அதிகமுள்ள எண்ணெய் என்பது காரணங்களில் ஒன்று. டப்பாவின் பின்னால் "ஹீலியாந்தஸ் அன்னூஸ்" என்று கண்டால் அது சூரியகாந்தி, சந்தோஷப்படலாம்.

பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் கடையில் நின்று டப்பா புரட்டுவதே தனி சுகம். நம் நாட்டு விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரிசையாகப் போட வேண்டும். அதற்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். முதலில் "அக்வா", அதாவது தண்ணீர். இரண்டாவது மூன்றாவது இடத்தில் கிளிசரின் இருந்தால் நல்ல சகுனம். "பீனாக்ஸிஎத்தனால்" என்ற கெடாமல் காக்கும் பொருளைத் தேடிப் பிடியுங்கள். அதை 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. அதற்குப் பின்னால் வரும் குங்குமப்பூவும் தாமரையும் பெரும்பாலும் சொட்டுக் கணக்குதான். முன்பக்கத்தில் படம் போட்ட பூ பின்பக்கத்தில் கடைசி வரியில் இருந்தால், வாசனைக்கும் விளம்பரத்துக்கும் காசு கொடுக்கிறீர்கள்.

காக்கும் பொருளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். தண்ணீரும் செடிச் சாறும் சேர்ந்த எதுவும் கிருமிக்கு விருந்து. கற்றாழையை வீட்டில் வெட்டி எடுப்பவர்களுக்கு இது தெரியும், இரண்டாம் நாளே நாற்றம் வந்துவிடும். வெட்டினால் முதலில் வடியும் மஞ்சள் பாலை முழுதாக வடியவிட்டு, நன்றாகக் கழுவி, உள்ளே உள்ள கண்ணாடிச் சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அந்த மஞ்சள் தோலை அரிக்கும்.

வாசனை விஷயத்தில் நான் பட்டது ஒன்று. நூறு சதவீதம் இயற்கை என்று எழுதியிருந்த ஒரு க்ரீம், ரோஜாவும் ஆரஞ்சும் மணந்தது. மூடியைத் திறந்தாலே மனசு மலர்ந்துவிடும். மூன்றாம் நாள் இமைகள் சிவந்து எரிந்தன, ஐந்தாம் நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. தோல் மருத்துவர் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, கடைசி வரியில் இருந்த இரண்டு பெயர்களை நகத்தால் தட்டிக் காட்டினார்: லிமோனீன், லினலூல். ஆரஞ்சுத் தோலிலும் லாவெண்டரிலும் இயல்பாகவே இருப்பவை. காற்றுப் பட்டுப் பழையதாகும்போது சிலரின் தோலுக்கு ஒவ்வாமை தருபவை. ஐரோப்பாவில் இவற்றை டப்பாவில் பெயர் சொல்லி எழுதியாக வேண்டும் என்பதற்குக் காரணமே அதுதான். எலுமிச்சை, பெர்கமோட் எண்ணெய்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைக் கருகவே வைக்கும். பகல் க்ரீமில் மணம் குறைவாக இருப்பது, முடிந்தால் இல்லாமலே இருப்பது, எனக்கு இப்போது முதல் நிபந்தனை. மணத்தைத் தலையில் வைக்கும் மல்லிகை பார்த்துக்கொள்ளட்டும்.

இனி தொட்டுப் பார்ப்பது. டெஸ்டரை எல்லோரும் புறங்கையில் தேய்த்து, "ஆகா, சாஃப்ட்டா இருக்கு" என்கிறார்கள். தேய்த்த நொடியில் எல்லா க்ரீமும் சாஃப்ட்தான். தாடையோரம், காதுக்குக் கீழே ஒரு மிளகளவு வைத்து, மெதுவாக இழுத்துப் பாருங்கள். விரல் முதலில் வழுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிமானம் வந்து, பிறகு நின்றுவிட வேண்டும். வழுக்கிக்கொண்டே இருந்தால் நம் ஊர் பகலுக்கு அது எண்ணெய் அதிகம். சட்டென்று நின்றுவிட்டால் ஈரம் ஆவியாகிப் போய்விட்டது, மூடி போதவில்லை. மெழுகுருண்டை மாதிரி உருண்டு வந்தால் அதன்மேல் சன்ஸ்க்ரீனும் உருளும், வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கடையைச் சுற்றி வந்து ஒரு டிஷ்யூவை அந்த இடத்தில் ஒற்றுங்கள். எண்ணெய் வட்டம் விழாமல், தொட்டால் தோல் வெறும் தோலாக, ஆனால் இழுக்காமல் இருந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வீட்டிலும் நேராக முகத்துக்குப் போகாமல், முழங்கையின் உள்மடிப்பில் நாலைந்து நாள் பூசிப் பார்த்த பிறகுதான் முகம்.

ஊரும் முக்கியம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிக் கடற்காற்றில் ஈரம் தாராளம். அங்கே கிளிசரினும் கற்றாழையும் உள்ள ஜெல்லே போதும், மூடி தேவைப்படாது. அதே சென்னையில் நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்பவர் கதை வேறு. ஏசி காற்றை உலர்த்துகிறது, காற்றில் ஈரம் இல்லாதபோது வெல்லம்போல ஈரம் இழுப்பவை மட்டும் உள்ள ஜெல் தோலின் உள்ளிருந்தே தண்ணீரை இழுத்து வெளியே விட்டுவிடும். அதனால்தான் "ஜெல் போட்டும் இழுக்குது" என்கிறார்கள். அவர்களுக்கு ஸ்குவாலேனோ சூரியகாந்தி எண்ணெயோ கலந்த லோஷன். மார்கழியில் ஊட்டி, கொடைக்கானல் என்றால் தேன்மெழுகோ ஷியா வெண்ணெயோ உள்ள கெட்டி க்ரீம். ஷியா மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் கொட்டையை வறுத்து அரைத்து, கையால் பிசைந்து எடுக்கும் கொழுப்பு. விரல் சூட்டில் உருகும் அந்த அழகுக்காகவே ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம்.

டப்பாவைவிட பம்ப், டியூப் நல்லது. தினம் விரல் விட்டுத் தோண்டும் டப்பா சீக்கிரம் கெடும். திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்று போட்டிருப்பது, திறந்த பின் எத்தனை மாதம் என்ற கணக்கு. திறந்த தேதியைப் பேனாவால் அடியில் எழுதி வையுங்கள்.

பூசும்போது முகம் லேசாக ஈரமாக இருக்கட்டும், துடைத்துக் காயவிடாதீர்கள். ஒரு பட்டாணியளவு எடுத்து, கன்னத்தில் தொடங்கி, எண்ணெய் வழியும் நெற்றிக்குக் கடைசியில் மிச்சத்தை. சில நிமிடம் விட்டு சன்ஸ்க்ரீன். "மாய்ஸ்சரைசரிலேயே எஸ்.பி.எஃப். இருக்கே" என்று விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கச் சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். பட்டாணியளவு அந்தக் கணக்குக்கு எட்டவே எட்டாது.

அப்புறம் மதியம் மூன்று மணிக்கு, சாப்பாடும் டீயும் வெயிலும் ஏசியும் கடந்த பிறகு, விரலின் பின்புறத்தால் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். காலையில் எதைப் பூசினோம் என்று ஞாபகமே வராதபடி கன்னம் மெத்தென்று இருந்தால், டப்பாவின் அடியில் எழுதிய தேதிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.