செட் ஆவதும் குதிர்வதும்

ஊத்துக்கோட்டையிலிருந்து புத்தூர் போகும் சாலையில் உள்ள நாகலாபுரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. 1960 ஏப்ரல் 1-இல் எல்லை திருத்தப்பட்டு, திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்கும் போயின. ஆனால் பேச்சை யாராலும் பிரிக்க முடியவில்லை. அந்தப் பேச்சில் இன்று இரு மொழிக்காரருக்கும் பொதுவாக நிற்கும் சொல் ‘செட்’. வயலில் பம்ப் செட், திருவிழாவில் மைக் செட், ஓட்டலில் செட் தோசை, நகைக்கடையில் கம்மல் செட், கூடப் படித்தவர்கள் ‘நம்ம செட்’. ஆங்கிலத்திலும் இது லேசுப்பட்ட சொல் அல்ல. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதற்குத்தான். நானூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள்.

பெயர்ச்சொல்லாக வந்த செட்டோடு எனக்கு வழக்கில்லை. பம்ப் செட்டும் மைக் செட்டும் புதிதாக வந்த பொருள்கள், தம் பெயரைத் தாமே கொண்டுவந்தன. வில்லங்கம் ‘செட் ஆகல’ என்பதில்தான். பேரம் படியவில்லை, சட்டை பொருந்தவில்லை, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, வரன் அமையவில்லை: இந்த நான்கும் வேறு வேறு சங்கதிகள். படியாத பேரத்தில் விலை தடை. ஒத்துக்கொள்ளாத தண்ணீரில் உடம்பு தடை. வினையே காரணத்தைப் பாதி சொல்லிவிடும். ‘செட் ஆகல’ எதையும் சொல்லாது. கேட்பவர் மறுபடி ‘ஏன்?’ என்று தொடங்க வேண்டும்.

தமிழில் ‘போடு’ இல்லையா என்று கேட்கலாம். சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், கோலமும் சோறும் போடுகிறோம். உண்மைதான், பல பொருள் இருப்பது குற்றமில்லை. ஆனால் ‘போடு’ வந்ததால் உடுத்துவதும் பரிமாறுவதும் அழிந்துவிடவில்லை. செட் வந்த இடத்தில், இளையவர் வாயில் ‘படிதல்’ அநேகமாகப் போய்விட்டது. இதைவிட வலுவான வாதம் எல்லை ஊர்க்காரருடையது: வீட்டில் தமிழும் கடையில் தெலுங்கும் பேசுகிறவருக்கு இரண்டிலும் செல்லும் ஒரு சொல் வசதிதானே? வசதிதான். ஆனால் அந்த வசதி முன்பே இருந்தது. கல்யாணம் முடிவானால் தெலுங்கில் ‘பெள்ளி குதிரிந்தி’ என்பார்கள். தமிழிலும் வரன் குதிரும், வேலை குதிரும். ‘செட் அயிந்தி’ என்றும் ‘செட் ஆயிடுச்சு’ என்றும் இரு பக்கமும் மாறியபோது கைவிடப்பட்டது இந்தப் பொதுச்சொல்தான். சம்பந்தத்தை மனம் நோகாமல் மறுக்க மழுப்பலான சொல் வேண்டும் என்பதும் நியாயமே. அதற்கும் ‘குதிரவில்லை’ போதும். மறுத்தது பெண் வீடா பிள்ளை வீடா என்று அதுவும் சொல்வதில்லை.